அங்கன்வாடியில் எடுக்கும் அளவு எங்கே பிசகுகிறது

24 மாதம் முடிந்த ஓர் ஆண் குழந்தை. நிற்க வைத்து அளந்தால் 81.3 செ.மீ. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலில் அந்த வயதுக்கு 'குட்டை' என்று கணக்கிடும் எல்லை 81.0 செ.மீ. பையன் எல்லைக்கு மேலே இருக்கிறான். அவனே முழங்காலைச் சற்று மடக்கி நின்றிருந்தால் 80.7 வரும். உடனே வளர்ச்சி குன்றியவர் பட்டியலில் ஒரு பெயர் ஏறிவிடும். பையன் மாறவில்லை. அளந்தவர் முழங்காலைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

குழந்தைகளுக்கான திட்டங்களில் கண்காணிப்பு, தரவு என்று பேச்சு வந்தாலே எல்லாரும் செயலியிலும் டாஷ்போர்டிலும் போய் நின்றுகொள்கிறார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. மாவட்டத் திரையில் தெரிகிற சதவீதமெல்லாம் அந்த மையங்களின் தரையில், அழுகிற குழந்தையைப் பிடித்துக்கொண்டு எடுத்த அளவிலிருந்து வருகிறது. அந்த இடத்தில் பிசகினால் மேலே எந்த மென்பொருளும் அதைச் சரிசெய்யாது. அதனால் இந்தப் பதிவு முழுக்கத் தரையைப் பற்றியது.

பிசகு பெரும்பாலும் வயதிலேயே ஆரம்பித்துவிடும். "பாப்பாவுக்கு எத்தன வயசு?" என்று கேட்டால் பாட்டி சொல்வார்: "மூணு நடக்குது." மூன்று நடக்கிறது என்றால் முடிந்தது இரண்டு. இது புரியாமல் 36 மாதம் என்று பதிந்தால் என்ன ஆகும்? உண்மையில் 25 மாதம் ஆன ஆண் குழந்தை, உயரம் 84 செ.மீ. 25 மாதத்துக்கான எல்லை 81.7, குழந்தை நன்றாகவே இருக்கிறது. 36 மாதத்துக்கோ எல்லை 88.7, கடுமையான குறைபாட்டின் எல்லை 85.0. ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டதில், நன்றாக வளரும் பிள்ளை கடுமையாக வளர்ச்சி குன்றிய பிள்ளையாகிவிட்டது.

எனவே வயதைக் கேட்டு எழுதக் கூடாது. பிறந்த தேதியைப் பார்த்து எழுத வேண்டும். முதலில் தாய் சேய் அட்டை, அடுத்து பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லையென்றால் தடுப்பூசி போட்ட பதிவு. வேலைக்காக ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களிடம் மூன்றுமே இல்லாமல் போகலாம். அப்போது நிகழ்வு நாட்காட்டி கைகொடுக்கும். நிவர் புயல் 2020 நவம்பர், சட்டமன்றத் தேர்தல் 2021 ஏப்ரல், மிக்ஜாம் வெள்ளம் 2023 டிசம்பர், ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் கடைசி என்று பெரிய நிகழ்வுகளை மாதவாரியாக எழுதிக்கொண்டு, அவற்றுக்கு நடுவே அந்த ஊரின் தேர், கோயில் கொடை, ஏரி நிரம்பிய மாதம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். "புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா? அப்போ வயித்துல இருந்தானா, கையில இருந்தானா?" என்று இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டே போனால் ஒரு மாதத்துக்குள் வந்து நின்றுவிடலாம். தமிழ் மாதம் சொன்னால் அப்படியே ஆங்கில மாதமாக மாற்றிவிடாதீர்கள். ஆடி, ஜூலை நடுவில் பிறந்து ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. "ஆடியில பொறந்தான்" என்று சொன்னால் "ஆடிப்பெருக்குக்கு முந்தியா பிந்தியா?" என்று கேளுங்கள். பெருக்கு ஆகஸ்ட் 2 அல்லது 3 வாக்கில் வருவதால் தேதி ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும்.

இரண்டு வயதை ஒட்டி வளரும் குழந்தைக்கு ஒரு மாதப் பிழை என்பது ஏறக்குறைய 0.7 செ.மீ. பிழைக்குச் சமம். உயரத்தைப் பலகை வைத்து மில்லிமீட்டரில் அளந்துவிட்டு வயதை மட்டும் உத்தேசமாகப் போட்டால், பலகை தூக்கி வந்த பாடு வீண்.

அடுத்து எடை. தராசு எதுவானாலும் காலையில் முதல் குழந்தையை ஏற்றும் முன் தெரிந்த எடை ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். மளிகைக் கடையில் உள்ள முத்திரை போட்ட 5 கிலோ எடைக்கல் போதும். 5.0 காட்ட வேண்டும். 100 கிராமுக்கு மேல் விலகினால் அன்றைக்கு அந்தத் தராசு வேண்டாம். விலகலைக் கழித்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 5 கிலோவில் உள்ள விலகலும் 12 கிலோவில் உள்ள விலகலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. மின்னணுத் தராசைப் பாய் மேலோ, மேடு பள்ளமான சாணம் மெழுகிய தரையிலோ வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் எண் வரும். கீழே ஒரு தட்டையான பலகை போட்டு, நான்கு காலும் பதிகிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள்.

தாயும் சேயும் சேர்ந்து நிற்கிற தராசில் முதலில் அம்மா மட்டும் ஏறுவார். எண்ணைச் சுழியாக்கிவிட்டுக் குழந்தையைக் கையில் கொடுத்தால் குழந்தையின் எடை மட்டும் தெரியும். இதில் அடிக்கடி நடப்பது: சுழியாக்கிய பிறகு குழந்தையோடு சேர்த்துத் துண்டு, கிலுகிலுப்பை, சில சமயம் கைபேசிகூட அம்மா கைக்குப் போய்விடும். எல்லாம் குழந்தையின் கணக்கில் ஏறும். நனைந்த டயப்பர் கால் கிலோ வரை கூட்டிவிடும். ஒரு வயதுப் பெண் குழந்தைக்கு 7.0 கிலோவுக்குக் கீழே எடைக்குறைவு, 6.3 கிலோவுக்குக் கீழே கடுமையான எடைக்குறைவு. இரண்டுக்கும் நடுவே 700 கிராம்தான். அதில் கால் கிலோ டயப்பர் என்றால் யோசித்துப் பாருங்கள்.

அரைஞாணையும் கொலுசையும் கழற்றச் சொன்னால் சில வீடுகளில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வற்புறுத்த வேண்டாம். கறுப்புக் கயிறு எடையில் தெரியாது. வெள்ளியாக இருந்தால் 'கொலுசோடு' என்று குறித்துக்கொண்டு அடுத்த மாதமும் கொலுசோடே எடை பாருங்கள். மாதாமாதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கும்போது ஒரே நிலையில் எடுத்த இரண்டு எண்கள் இருந்தால் போதும். அதேபோல, எடையைச் சத்தமாகச் சொன்னால் கண்ணு படும் என்று அம்மாக்கள் தயங்குவார்கள். அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்காதீர்கள்; எழுதுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்தால் சன்னமாகச் சொன்னாலே போதும். எண் எல்லார் காதிலும் விழாமல் இருப்பது எப்படியும் நல்லதுதான்.

உயரம்தான் இருப்பதிலேயே கடினம். ஆள் இரண்டு வேண்டும், ஒருவரால் ஆகாது. இரண்டு வயதுக்குக் கீழே என்றால் படுக்க வைத்து நீளம், அதற்கு மேல் நிற்க வைத்து உயரம். படுக்க வைத்தால் அதே குழந்தை 0.7 செ.மீ. கூடுதலாக வரும். அதனால் இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தையை ஏதோ காரணத்தால் நிற்க வைத்து அளந்தால் 0.7 கூட்ட வேண்டும். மேலுள்ள குழந்தையைப் படுக்க வைத்து அளந்தால் 0.7 கழிக்க வேண்டும். செயலியில் 'படுத்தா, நின்றா' என்ற கேள்விக்குச் சரியாகப் பதில் போட்டால் சில செயலிகள் தாமே சரிசெய்துகொள்ளும். அங்கேயும் கழித்து இங்கேயும் கழித்தால் இரட்டைப் பிழை. உங்கள் செயலி என்ன செய்கிறது என்று ஒரே குழந்தையின் அளவை இரண்டு விதமாகவும் போட்டு முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

படுக்க வைக்கும்போது தலைமாட்டில் முழந்தாளிட்டிருப்பவர் இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை மூடியபடி தலையைப் பிடித்து, உச்சி பலகையில் முட்டும்படி வைக்க வேண்டும். குழந்தையின் பார்வை நேரே கூரையைப் பார்க்க வேண்டும். தாடை நெஞ்சில் ஒட்டவும் கூடாது, பின்னால் சாயவும் கூடாது. அளக்கிறவர் பக்கவாட்டில் இருந்து, இடக்கையால் இரண்டு முழங்காலையும் சேர்த்து மெதுவாக அழுத்தி, வலக்கையால் கால்பலகையைத் தள்ளி இரண்டு பாதங்களிலும் பதிய வைக்க வேண்டும். குதிகால் பதிந்து, விரல்கள் மேல் நோக்கி நிற்க வேண்டும். குழந்தை உதைக்கும். உதை ஓய்ந்து பாதம் பதிந்திருக்கும் அந்த ஒரு நொடியில் எண்ணைப் படித்து, வாய்விட்டுச் சொல்லி, எழுதுகிறவர் திருப்பிச் சொன்ன பிறகே கையை எடுக்க வேண்டும். பலகையை எடுத்துவிட்டு நினைவிலிருந்து சொல்கிற எண் பெரும்பாலும் முழு எண்ணாகத்தான் இருக்கும்.

நிற்க வைக்கிறபோது குதிகால், கெண்டைக்கால், பிட்டம், தோள்பட்டை, பின்மண்டை ஐந்தும் பலகையில் பட வேண்டும். எல்லாக் குழந்தைக்கும் ஐந்தும் படாது. குண்டுக் குழந்தைக்குப் பின்மண்டை படாமல் போகலாம், அதற்காக வளைக்க வேண்டாம். உச்சியில் போட்ட குடுமியை அவிழ்த்துவிடுங்கள். கிளிப், ஹேர்பேண்டும் அப்படியே. பூ வைத்திருந்தால் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு அளந்த பிறகு திரும்ப வைத்துவிடலாம். அளப்பவரின் கண் அளவுகோலின் உயரத்துக்கு வர வேண்டும். நின்றபடி மேலிருந்து குனிந்து படித்தால் எண் தவறாக வரும். முழந்தாளிட்டுத்தான் ஆக வேண்டும்.

மேல்கைச் சுற்றளவு நாடா இவை எல்லாவற்றையும்விட எளிது என்று சொல்வார்கள். எளிதுதான், ஆனால் இறுக்கிவிட்டால் எல்லாம் போயிற்று. இடது கையை முழங்கையில் மடக்கி, தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுப்புள்ளியைப் பேனாவால் குறித்து, பிறகு கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டு அளக்க வேண்டும். நாடாவுக்கும் தோலுக்கும் இடையே இடைவெளியும் இருக்கக் கூடாது, தோல் பிதுங்கவும் கூடாது. 6 மாதம் முதல் 59 மாதம் வரை 115 மி.மீ.க்குக் கீழே கடுமையான குறைபாடு. 115 முதல் 125க்குக் கீழே வரை மிதமானது. சிவப்பு, மஞ்சள், பச்சை நிறத்தை மட்டும் எழுதினால் போதாது, எண்ணையும் எழுதுங்கள். 126இல் பச்சையாக இருக்கும் குழந்தை அடுத்த மாதம் எங்கே போகிறது என்று நிறம் சொல்லாது.

கூடவே கால் வீக்கம். இரண்டு பாதங்களின் மேற்புறத்திலும் கட்டைவிரலால் மூன்று நொடி அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கிறதா? இரண்டு காலிலும் நின்றால், எடை எதுவாக இருந்தாலும் அது கடுமையான குறைபாடு. உடம்பில் கோத்த நீர் எடையைக் கூட்டிக் காட்டுவதால் தராசு இந்தக் குழந்தையைத் தவறவிடும். இது மாதக் கடைசியில் அறிக்கையில் சேர்க்க வேண்டிய சேதி அல்ல. அன்றைக்கே ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் உள்ள அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய குழந்தை.

"சின்னச் சின்னப் பிழைதானே, ஆயிரம் குழந்தையில் கூடுதலும் குறைவும் சேர்ந்து சமமாகிவிடாதா?" என்று பலரும் கேட்பார்கள். சராசரி வேண்டுமானால் சமமாகும். சதவீதம் ஆகாது. உயரத்துக்கேற்ற எடையின் சராசரி, அளவுகோலின் நடுப்புள்ளியிலிருந்து ஒரு படி (திட்டவிலக்கம்) கீழே, அதாவது மைனஸ் 1 என்று வைத்துக்கொள்வோம். அளவு சுத்தமாக இருந்து பரவல் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது) 1.0 ஆக இருந்தால், மைனஸ் 3க்குக் கீழே, அதாவது கடுமையான மெலிவில், ஆயிரத்துக்கு 23 குழந்தைகள் வருவார்கள். அதே குழந்தைகளை அக்கறையில்லாமல் அளந்து பரவல் 1.3 ஆகிவிட்டால் 62 பேர் வருவார்கள். சராசரி மாறவே இல்லை. ஆனால் கடுமையான மெலிவு ஏறத்தாழ மூன்று மடங்கு. இரண்டு பக்கமும் வாலை இழுத்துவிடுகிற பிழை இது. அதனால்தான் கணக்கெடுப்பில் பரவல் 0.8க்கும் 1.2க்கும் நடுவே இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார்கள். 1.2ஐத் தாண்டினால் அளந்த கை மேல் சந்தேகம் வர வேண்டும். 0.8க்குக் கீழே போனால் வேறு சந்தேகம்: யாரோ உட்கார்ந்த இடத்திலேயே எழுதியிருக்கலாம்.

எழுதிய எண்ணை அடையாளம் காண இன்னொரு வழி கடைசி இலக்கம். 100 குழந்தைகளின் உயரத்தில் .0 முதல் .9 வரை ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக வர வேண்டும். .0, .5 இரண்டும் சேர்ந்து 20 வர வேண்டிய இடத்தில் 60 வந்தால், அளவுகோலைக் கண்ணால் பார்த்து உருட்டி எழுதியிருக்கிறார்கள். போன மாத எடையோடு எல்லாக் குழந்தைக்கும் 200 கிராம் கூட்டியிருப்பதும் தெரிந்துவிடும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்த மாதத்தில் சில குழந்தைகளுக்கு எடை இறங்கத்தான் வேண்டும். யாருக்குமே இறங்காத மையம் நல்ல மையமல்ல, அளக்காத மையம்.

ஆனால் இதைக் கண்டுபிடித்துப் பணியாளரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. சிவப்பு கூடினால் மேற்பார்வையாளர் விளக்கம் கேட்கிறார். தராசில் பேட்டரி தீர்ந்து இரண்டு மாதம் ஆனாலும் பதிவு மட்டும் 100 சதவீதம் வேண்டும் என்கிறார்கள். அப்படிக் கேட்டால் எண் வரும், குழந்தை வராது. அளக்க முடியாத மாதத்துக்கு 'அளக்கவில்லை, காரணம்: தராசு பழுது' என்று போட ஒரு கட்டம் இருக்க வேண்டும். அந்தக் கட்டத்தை நிரப்புகிறவருக்குத் தண்டனை கிடையாது, பேட்டரி கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இருக்க வேண்டும்.

1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்து, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் துணை உணவு கொடுத்தார்கள். எடுத்த அளவு அந்த ஊரிலேயே, அந்த மாதமே ஒரு முடிவுக்குப் பயன்பட்டது. அளவுக்கு அர்த்தம் தெரிந்தால் கை தானாகவே கவனமாகும்.

இனி, யாரை அளக்கவில்லை என்ற கேள்வி. மையத்துக்கு வருகிற குழந்தைகளில் எத்தனை சதவீதம் என்பது ஒரு கணக்கு. ஊரில் இருக்கிற குழந்தைகளில் எத்தனை என்பது வேறு. செங்கல் சூளையிலும் கட்டட வேலை இடத்திலும் இருக்கிற பிள்ளைகள், பாட்டி வீட்டில் விட்டிருக்கிற பிள்ளை, பிறந்து 20 நாள் ஆன சிசு, நடக்க முடியாததால் வீட்டை விட்டு வெளியே வராத குழந்தை ஆகியோர் பதிவேட்டில் விடுபடுகிறவர்கள். குறைபாடு இருக்க வாய்ப்பு அதிகமும் இவர்களுக்குத்தான். வீடு வீடாகப் போகும்போது "சின்னப் பசங்க எத்தன பேரு?" என்று மட்டும் கேட்டால் தொட்டில் குழந்தையைச் சொல்ல மாட்டார்கள். "நேத்து ராத்திரி இந்த வீட்டுல யார் யார் தூங்குனாங்க?" என்று பெரியவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகக் கேட்டு, "கைக்குழந்தை யாராச்சும்? வேற ஊர்ல விட்டிருக்கீங்களா?" என்று முடித்தால் விட்டுப்போனவர்கள் வருவார்கள்.

மாற்றுத்திறன் பற்றிக் கேட்கும்போது "ஊனம் இருக்கா?" என்று கேட்டால் பதில் "இல்ல"தான். யூனிசெஃபும், மாற்றுத்திறன் புள்ளிவிவரங்களுக்கான வாஷிங்டன் குழுவும் சேர்ந்து 2016இல் கொடுத்த வினாத்தொகுப்பு, 'அதே வயதுக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் நடக்கச் சிரமப்படுகிறானா' என்று கேட்டு, சிரமமில்லை, கொஞ்சம், நிறைய, முடியவே முடியாது என்று நான்கு பதில்களைத் தருகிறது. 2 முதல் 4 வயதுக்கு ஒன்று, 5 முதல் 17க்கு ஒன்று. கேட்கும் தொனியும் அதே அளவுக்கு முக்கியம். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது இந்தக் கேள்வி வேண்டாம்.

மாநில அளவிலான எண்ணுக்கு மாதிரிக் கணக்கெடுப்புதான் சரி. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மெலிந்த குழந்தைகள் 2015-16இல் 19.7 சதவீதம், 2019-21இல் 14.6. வளர்ச்சி குன்றியவர்கள் 27.1இலிருந்து 25.0. மையத்துக்கு வராதவர் வீட்டுக்கும் போய் எடுக்கிற கணக்கு அது. 2021 மார்ச்சில் வந்த, அங்கன்வாடிப் பதிவுகளுக்கான ஒன்றிய அரசின் போஷன் டிராக்கர் போன்ற செயலியின் எண்ணோடு அது பொருந்தாமல் போனால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில்.

கைபேசியில் தரவு சேகரிக்க உதவும் கோபோ, ஓடிகே போன்ற மென்பொருளில் சொந்தமாகப் படிவம் செய்கிறவர்களுக்கு ஒன்றிரண்டு. எடைக்கு 1 முதல் 30 கிலோ என்று எல்லை வையுங்கள், 8.5ஐ 85 என்று அடிப்பது அன்றாடம் நடக்கும். ஆனால் 'மைனஸ் 3க்குக் கீழே போகக் கூடாது' என்று பூட்டுப் போடாதீர்கள், நீங்கள் தேடி வந்த குழந்தையைப் படிவமே வெளியே தள்ளிவிடும். உயரத்துக்கேற்ற எடை மைனஸ் 5க்குக் கீழோ பிளஸ் 5க்கு மேலோ வந்தால் 'மறுபடி அளக்கவும்' என்று கேட்டால் போதும். பிறந்த தேதிக் கட்டத்தில் இன்றைய தேதி தானாக வந்து நிற்கக் கூடாது.

குழந்தையின் பெயர், புகைப்படம், சிவப்புப் பட்டியல் ஆகியவற்றை வாட்ஸ்அப் குழுவில் போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். 2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர் தரவுக்குப் பெற்றோரின் உறுதிப்படுத்திய சம்மதத்தைக் கேட்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்த அம்மா அதே தெருவில்தான் நடக்க வேண்டும். அடி, வன்முறை பற்றிய கேள்வி படிவத்தில் இருந்தால், குழந்தை ஆமாம் என்று சொன்னால் யாரிடம் போவது என்பதை முடிவு செய்யாமல் களத்துக்கே போகக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098 கையில் இருக்க வேண்டும், உள்ளூரில் பொறுப்பான ஒருவரின் பெயரும் இருக்க வேண்டும்.

பயிற்சி முடிந்ததும் அளப்பவர் ஒவ்வொருவரையும் 10 குழந்தைகளை இரண்டு முறை அளக்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறை எழுதும்போது முதல் தாள் கையில் இருக்கக் கூடாது. வேலை தொடங்கிய பிறகு வாரம் ஒரு நாள் மேற்பார்வையாளர் ஐந்து குழந்தைகளை, பழைய எண்ணைப் பார்க்காமல், தானே முழந்தாளிட்டு அளக்க வேண்டும். எடையில் 100 கிராம், உயரத்தில் 0.7 செ.மீ., கைச்சுற்றளவில் 5 மி.மீ. வரை வித்தியாசம் இருக்கலாம். அதைத் தாண்டினால் இருவரும் சேர்ந்து அதே பலகையில் மூன்றாம் முறை அளக்க வேண்டும். அப்போது முழங்காலை யார் பிடித்தார்கள், குடுமியை யார் அவிழ்க்கவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். அளந்து முடித்ததும் அம்மாவைக் கூப்பிட்டு அட்டையில் புதுப்புள்ளியை வைத்து, போன மாதப் புள்ளியோடு அவர் கண் முன்னால் கோடு போட்டுக் காட்டுங்கள். "போன மாசம் இங்க இருந்தான், இப்ப இங்க. நடுவுல காய்ச்சல் ஏதும் வந்துச்சாம்மா?"